பெயருள்ள கொடையும் பெயரற்ற பிடியரிசியும்
யாழ்ப்பாணக் கிறிஸ்தவரிடையே ஈகை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈகை என்பது தனிமனித நற்குணங்களுள் ஒன்றாகவே நம்மவரால் பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. வள்ளுவர் ஈகைக்கும் ஒப்புரவுக்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்தார். புறநானூற்றுப் புலவர் கொடையை வேந்தனின் இலக்கணமாகக் கண்டனர். கிறிஸ்தவ மரபோ, ஆலயக் காணிக்கைப் பெட்டியில் தன்னிடமிருந்த இரண்டு காசையும் இட்ட ஏழை விதவையைச் செல்வர் அனைவரினும் மேலானவளாக நிறுத்தியது. கொடையின் அளவு கொடுத்த தொகையில் அன்று, கொடுத்த பின் எஞ்சியதில் தங்கியுள்ளது என்பதே அந்நிகழ்ச்சியின் கருத்தாகும். எனினும் எந்த ஈகையும் வெற்று வெளியில் நிகழ்வதில்லை. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், கொடைக்குரிய பொருள் எங்கிருந்து வந்தது, கொடுத்ததனால் யார் யாருக்குக் கடமைப்பட்டனர் என்னும் வினாக்கள் வரலாற்று மாணவரைச் சார்ந்தவை. இவ்வினாக்களை மனத்திற் கொண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிறிஸ்தவரிடையே, சிறப்பாக அமெரிக்க மிஷன் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையாரிடையே, கொடை என்னும் நடைமுறை எவ்வாறு உருப்பெற்று மாறியது என்பதை இக்கட்டுரையில் நோக்குவாம்.

இத்துறையில் இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் இருவகையின. ஒன்று, மிஷனரிமாரின் தியாகத்தைப் போற்றும் திருச்சபை வரலாறு. மற்றையது, கல்வியையும் உணவையும் காட்டி மதம் மாற்றினர் எனக் குற்றஞ்சாட்டும் கண்டனம். இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. இரண்டினதும் பார்வையிற் கொடுப்பவர் வெள்ளையர், பெறுபவர் தமிழர். தமிழ்க் கிறிஸ்தவர் தாமே கொடுத்தவர் என்ற செய்தி இரண்டிலும் ஓரங்கட்டப்பட்டு விடுகின்றது. அச்செய்தியை நடுவில் வைத்துப் பார்க்கும்போது வேறொரு வரலாறு புலப்படுகின்றது.

1. தடைக்காலத்துக் கொடை

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவம் அமெரிக்கரோடு தொடங்கியதன்று. போர்த்துக்கேயர் காலத்திலேயே கத்தோலிக்கம் இங்கு வேரூன்றிவிட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அம்மத வழிபாட்டைத் தடைசெய்தனர். இந்நிலையில், 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நோயுற்றுக் கிடந்த அவரைப் பேணி, பின்னர் சில்லாலை முதலிய ஊர்களில் மறைத்து வைத்து, உணவளித்தோர் உள்ளூர்க் கத்தோலிக்க மக்களே. அவருக்கு இடங்கொடுப்பது அரசாங்கத்தின் தண்டனைக்குரிய செயலாக இருந்தது. சிறையும் உடைமை இழப்பும் அவர்களை எதிர்நோக்கின. அடிகளார் பின்னர் கண்டி இராச்சியஞ் சென்று, 1711இல் மறைந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி கொழும்பிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

புனிதரின் பெயர் நிலைத்தது. அவருக்குக் கஞ்சி வார்த்தவரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. ஆயினும் யாழ்ப்பாணக் கிறிஸ்தவ ஈகையின் வரலாற்றில் முதலில் நிற்க வேண்டியோர் இவர்களே. வெளியிலிருந்து பணம் வராத, அரசாதரவு அறவே இல்லாத காலத்தில், தமக்கென இருந்த சிறிதையும் ஆபத்துக்குள்ளாக்கிக் கொடுத்தவர்கள் இவர்கள். பிற்காலத்திற் பெருந்தொகைக் கொடைகள் வந்தபோது காணப்படாத ஒரு பண்பு இக்கொடையில் உண்டு. இங்கே கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே உயர்வு தாழ்வு இல்லை. இருவரும் ஒரே ஆபத்தைப் பகிர்ந்தனர்.

2. கடல் கடந்து வந்த கொடை

அமெரிக்க வெளிநாட்டு மிஷன் சங்கம் 1810இல் தோன்றியது. அதன் மிஷனரிமாரான தானியேல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சட்ஸ், எட்வட் வாறன் ஆகியோர் 1816இல் இலங்கையை அடைந்தனர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களின் முதல் நிலையங்களாயின. உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்பன அடுத்து வந்தன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற பாழடைந்த கோயில்களும் மனைகளும் அவர்களின் பாவனைக்கு விடப்பட்டன. வந்த நால்வருள் வாறன் 1818இலும் றிச்சட்ஸ் 1822இலும் நோயால் மாண்டனர். உடுவில் மகளிர் பாடசாலையைத் தொடக்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833இல் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். இத்தியாகத்தை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் இம்மிஷனை நடாத்திய பணம் எங்கிருந்து வந்தது? நியூ இங்கிலாந்துச் சிற்றூர்களின் விவசாயிகள், கைவினைஞர், பள்ளிப்பிள்ளைகள், சிறப்பாகப் பெண்கள் ஆகியோரின் சிறு காணிக்கைகளே அதன் பெரும்பகுதி. 1802இற் பொஸ்ரனில் மெஹிற்றபிள் சிம்கின்ஸ் என்னும் பெண்மணி வாரம் ஒரு சதம் சேர்க்கும் முறையொன்றைத் தொடக்கினார். விரைவில் இத்தகைய சதச் சங்கங்கள் பல ஊர்களிற் பரவின. சொத்துரிமை மறுக்கப்பட்டிருந்த மணமான பெண்கள், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த சதங்கள் அவை. அதே வேளையில், அமெரிக்காவின் செல்வத்தில் அடிமை உழைப்பும் கலந்திருந்தது. அடிமை உடைமையாளரின் பணத்தை மிஷன் சங்கம் ஏற்பது முறையா என்ற கேள்வி 1840களிற் பெரும் பிளவை ஏற்படுத்தி, 1846இல் அடிமை முறையை எதிர்த்தோர் வேறொரு மிஷன் சங்கத்தை நிறுவும் அளவிற்குச் சென்றது. ஆகவே வட்டுக்கோட்டைக்கும் உடுவிலுக்கும் வந்த கொடையில் ஏழைப் பெண்ணின் சதமும் இருந்தது. பருத்தித் தோட்டத்து அடிமையின் வியர்வை கலந்த பணமும் இருந்திருக்கக்கூடும். கொடையின் நோக்கம் தூயதாக இருப்பினும் அதன் ஊற்றுக்கண் எப்பொழுதும் தூயதன்று என்பது மனங்கொளத்தக்கது.

1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் தொடங்கின. இவற்றின் பிள்ளைகளை ஆதரிக்கக் கையாளப்பட்ட முறை நம் ஆய்வுக்கு முக்கியமானது. அமெரிக்காவிலுள்ள ஒருவரோ ஒரு சங்கமோ ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்கும். அவ்வாறு ஏற்பவர், தமது பெயரையோ தாம் மதித்த பெரியார் ஒருவரின் பெயரையோ அப்பிள்ளைக்கு இடலாம். இவ்வழக்கத்தாலேயே நம் இலக்கிய வரலாற்றிற் சில விநோதமான பெயர்கள் இடம்பெற்றன. பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்ட சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். நியாய இலக்கணம் எழுதிய சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். உதயதாரகைப் பத்திரிகையை 1841இல் நடாத்தத் தொடங்கிய ஆசிரியர் இருவரும் ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்னும் பெயர்களாலேயே அறியப்பட்டனர்.

பெயரிடுதல் என்பது உரிமை கொள்ளுதலின் ஓர் அடையாளம். கடலுக்கு அப்பாலுள்ள கொடையாளர் தமது கொடையின் பயனைக் கண்ணாற் காணமாட்டார். எனவே ஒரு பெயரின் மூலம் அதனைக் கண்டார். பிள்ளையோ தன் தாய் தந்தையர் இட்ட பெயரோடு, தான் ஒருபோதும் காணாத ஒருவரின் பெயரையும் வாழ்நாள் முழுவதும் சுமந்தது. ஆயினும் இவ்வாறு பெயர் பெற்றோர் எல்லாம் கொடையாளரின் விருப்பப்படியே வாழ்ந்தனர் எனக் கொள்ளல் தவறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையிற் கற்றவர்கள். இருவரும் பின்னர் சைவத்துக்கு மீண்டனர். தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பிப்பதிலே தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டார். மதம் பரப்பக் கொடுத்த பொருள் தொல்காப்பியமும் கலித்தொகையும் அச்சேறுவதற்கு வழிசெய்தது. கொடை ஒருமுறை கைமாறியபின் கொடுத்தவரின் கட்டுப்பாட்டுக்குள் நிற்பதில்லை என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

3. கொடையும் கண்டனமும்

உடுவில் விடுதியிற் பயின்று கிறிஸ்தவரை மணக்கும் பெண்களுக்கு மிஷன் சிறு சீதனமும் வழங்கியது. தேசவழமைச் சட்டம் 1707இல் ஒல்லாந்தரால் எழுத்தில் தொகுக்கப்பட்டபோது, சீதனம் பெண்ணின் தனியுடைமையாக ஏற்கப்பட்டிருந்தது. சீதனமின்றி மணமில்லை என்ற சமுதாயத்தில், மிஷன் தன்னையும் ஒரு தந்தையின் நிலையில் நிறுத்திக்கொண்டது. கல்வி, உணவு, உடை, சீதனம், பின்னர் உத்தியோகம் என்று தொடர்ந்த இக்கொடைச் சங்கிலி, மதமாற்றத்தைப் பொருளாதார நலனோடு பிணைத்தது என்பதை மறுக்கவியலாது.

இதனைக் கூர்மையாகக் கண்டவர் ஆறுமுகநாவலர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றிய நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் சைவ தூஷண பரிகாரம் வெளிவந்தது. பணத்தாலும் பதவியாலும் ஈர்க்கப்பட்டோரின் மதமாற்றத்தை அவர் கடிந்தார். ஆனால் நாவலரின் மறுமொழி கண்டனத்தோடு நிற்கவில்லை. வெளிநாட்டுப் பணத்துக்கு மாற்றாக உள்ளூர்ப் பணத்தை, அதுவும் ஏழைகளின் பங்களிப்பை, அவர் நாடினார். தம் பாடசாலைக்காக வீடுகள்தோறும் பிடியரிசி சேர்ப்பித்தார். 1877ஆம் ஆண்டளவிற் பஞ்சமும் நோயும் வாட்டியபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார். பிற்காலத்தில் 1888இல் எழுந்த சைவ பரிபாலன சபையும் அதன்வழி வளர்ந்த யாழ்ப்பாண இந்துக் கல்லூரியும் இவ்வழியில் வந்தவையே.

இங்கு ஓர் உண்மை பெரும்பாலும் கவனிக்கப்படாது போயிற்று. நாவலர் சைவர் வீடுகளிற் பிடியரிசி சேர்த்த அதே நூற்றாண்டில், அயலிலிருந்த கிறிஸ்தவர் வீடுகளிலும் பிடியரிசி சேர்ந்துகொண்டிருந்தது. மேடையிலும் பத்திரிகையிலும் பொருதிய இரு சாராரும் அடுக்களையில் ஒரே முறையைக் கையாண்டனர்.

4. பிடியரிசி

வெளிநாட்டுக் கொடையை நம்பியிருத்தலின் ஆபத்து விரைவிலேயே வெளிப்பட்டது. 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியால் மிஷன் சங்கம் செலவைக் குறைக்குமாறு பணித்தது. யாழ்ப்பாணத்துக் கிராமப் பள்ளிகள் பல மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நியூயோர்க்கில் வங்கி முறிய, மானிப்பாயிற் பள்ளிக்கூடக் கொட்டில் பூட்டப்பட்டது. 1855இல் மிஷன் சங்கச் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்ததன் விளைவாக வட்டுக்கோட்டைச் செமினரியும் மூடப்பட்டது. சுதேசத் திருச்சபை தன்னைத் தானே ஆளவும், தன்னைத் தானே தாங்கவும், தன்னைத் தானே பரப்பவும் வேண்டும் என்பது அண்டர்சன் வகுத்த கொள்கை. இங்கிலாந்துத் திருச்சபை மிஷனின் ஹென்றி வென் என்பாரும் இதே கொள்கையை வகுத்திருந்தார்.

இக்கொள்கையில் இரு முகங்கள் இருந்தன. ஒருபுறம், அது சுதேசிகளின் ஆற்றலில் நம்பிக்கை வைத்தது. மறுபுறம், அது செலவைச் சுருக்கும் நிர்வாகத் தந்திரமாகவும் பயன்பட்டது. ஆட்சியுரிமையை மெதுவாகவும் நிதிப்பொறுப்பை விரைவாகவும் கைமாற்றுவதே நடைமுறையாயிற்று. தாங்கும் சுமை முதலில் வந்தது. ஆளும் உரிமை பின்னரே வந்தது. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் அச்சுமையை ஏற்றனர். தமது போதகரின் சம்பளத்தைத் தாமே கொடுக்க முற்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான சுதேச சுவிசேஷ சங்கம், தீவகத்து ஊர்களில் நடாத்திய பணிக்கு உள்ளூர்ப் பணத்தையே சார்ந்திருந்தது. செமினரி மூடப்பட்டபின் உயர்கல்விக்கு வழியின்றி வருந்திய உள்ளூர்க் கிறிஸ்தவர் விடாது முயன்று, தாமும் பணந்திரட்டி, அமெரிக்காவிலும் நிதி திரட்டச்செய்ததன் பயனாக, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில் எழுந்தது.

இப்பணம் எவ்வாறு சேர்ந்தது? மாதச் சம்பளம் பெற்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் தம் வருவாயிற் பத்திலொன்றைத் தசமபாகமாகக் கொடுத்தனர். அறுவடை நன்றியறிதல் வழிபாட்டில் வாழைக்குலையும் தேங்காயும் பூசணியும் நெல்லும் கோழிமுட்டையும் ஆலயத்தில் வந்து குவியும். அவை ஏலத்தில் விற்கப்பட்டுக் காணிக்கையிற் சேரும். இவை அனைத்தினும் நிலையானது பிடியரிசி. உலையில் அரிசி இடும் ஒவ்வொரு வேளையும் வீட்டுத்தலைவி ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு சட்டியில் இடுவாள். வாரக்கடைசியிலோ மாதக்கடைசியிலோ அது ஆலயத்துக்குச் செல்லும்.

இச்செயலின் பொருளாதாரத்தைச் சற்று விரித்து நோக்கல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு ஆறற்ற வரண்ட நிலம். கிணற்று நீரைத் துலாவால் இறைத்துப் புகையிலையும் மரக்கறியும் செய்த நாடு அது. நெல் மழையை நம்பி ஆண்டுக்கொரு போகமே விளைந்தது. தேவைக்கு அது போதாமையால் அரிசி வெளியிலிருந்து வந்தது. ஏழைகளின் அன்றாட உணவு குரக்கனும் ஒடியற்கூழும் பனங்கிழங்குமே. ஆகவே அரிசி என்பது இல்லத்தின் மிகப் பெறுமதி வாய்ந்த உணவுப் பொருள். அதிற் கைவைப்பது எச்சத்திலிருந்து கொடுப்பதன்று. வாய்க்குப் போவதிலிருந்து கொடுப்பதாகும்.

இரண்டாவதாக, இது பெண்ணின் கொடை. காணியும் காசும் ஆண்களின் கணக்கில் நின்றன. தேசவழமை சீதனச் சொத்தைப் பெண்ணுக்கு உரியதாக்கினும், கணவனின் சம்மதமின்றி அதனைக் கைமாற்ற அவளால் இயலாது. அரிசிப்பானை ஒன்றே அவளின் முழு ஆளுகைக்குள் இருந்தது. அப்பானையிலிருந்து எடுத்த பிடிக்கு அவள் எவரிடமும் உத்தரவு பெறவேண்டியதில்லை. நியூ இங்கிலாந்துப் பெண்ணின் வாரச் சதமும் யாழ்ப்பாணப் பெண்ணின் பிடியரிசியும் ஒரே சமூக நிலையிற் பிறந்தவை. சொத்துரிமை குறைந்த இருவரும், தம் கைக்கெட்டிய ஒரே பொருளைக் கொடுத்தனர். பிள்ளைகளுக்குப் பெயரிட்ட கனவான்களின் பட்டியல் அச்சில் உள்ளது. பிடியரிசி கொடுத்தோரின் பட்டியல் எழுதப்படவேயில்லை. எனினும் போதகரின் சம்பளமும் பள்ளிக் கூரையின் கிடுகும் பெரிதும் இவர்களாலேயே சாத்தியமாயின.

5. பாக்குநீரிணைக்கு அப்பால்

1884இல் யாழ்ப்பாணக் கல்லூரியில் வாலிபர் கிறிஸ்தவ சங்கம் தோன்றியது. ஆசியாவில் மாணவரிடையே எழுந்த முதலாவது சங்கம் இதுவெனக் கூறுவர். 1900இல் யாழ்ப்பாணத்து மாணவர் ஒன்றுகூடி ஒரு வெளிநாட்டு மிஷன் சங்கத்தை நிறுவினர். அதன் பணிக்களம் இராமநாதபுரம் பகுதியிலுள்ள தொண்டி. யாழ்ப்பாணத்திலிருந்து தமிழரே தமிழரிடம் அனுப்பப்பட்டனர். செலவைத் தமிழ்க் கிறிஸ்தவர்களே ஏற்றனர். எண்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் மிஷன் களமாகக் குறிக்கப்பட்ட யாழ்ப்பாணம், இப்பொழுது தானே மிஷன் அனுப்பும் நாடாயிற்று.

இதன் விளைவு யாழ்ப்பாணத்தோடு நிற்கவில்லை. 1902இல் திருநெல்வேலியைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் இளைஞர், வாலிபர் கிறிஸ்தவ சங்கச் செயலாளராக யாழ்ப்பாணம் வந்தார். எண்ணிக்கையிற் சிறிய யாழ்ப்பாணத் திருச்சபை கடல் கடந்து பணியாளரை அனுப்பிப் பேணுவதை அவர் கண்டார். அதனினும் பன்மடங்கு பெரிதான திருநெல்வேலித் திருச்சபை அவ்வாறு செய்யாமை அவருள்ளத்தை வருத்தியது. அடுத்த ஆண்டே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் எழுந்தது. 1905இற் சேராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவாவதிலும் அவர் முன்னின்றார். பின்னர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் சென்று, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அங்கே அவரது திருச்சபையிற் பெரும்பான்மையோர் தீண்டாமைக் கொடுமைக்குள்ளான கூலி விவசாயிகள். அவர்களிடமும் கொடுக்க உண்டு என்று அவர் வற்புறுத்தினார்; அங்கும் பிடி தானியம் பலிபீடத்துக்கு வந்தது. தம் வாழ்வின் பிற்பகுதியில் கிறிஸ்தவ ஈகை பற்றித் தனி நூலே எழுதினார். ஒருவனை என்றும் பெறுபவனாகவே வைத்திருப்பது அவனது மானத்தைப் பறிப்பது என்பது அவரது பணியனைத்திலும் ஊடுருவி நிற்கும் கருத்து எனலாம்.

1910இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. மேனாட்டு மிஷனரிமார் பொருளைக் கொடுத்தனர், உயிரையும் கொடுத்தனர். ஆனால் சமமான நட்பைக் கொடுக்கவில்லை என்பதே அவரது முறைப்பாட்டின் சாரம். அவையிற் சிலர் முகஞ்சுளித்தனர். எனினும் ஈகை பற்றிய வரலாற்றிலே இது ஒரு திருப்புமுனை. கொடை சமத்துவத்துக்கு ஈடாகாது என்பதைப் பெற்றுக்கொண்ட மக்களுள் ஒருவரே கொடுத்தவர்களின் அவையில் எழுந்து கூறினார்.

6. கொடுக்கப்படாதவை

அசரியாவின் அளவுகோலை நாம் யாழ்ப்பாணத்தின் மீதே திருப்பிப் பார்க்காவிடின் இவ்வாய்வு முழுமை பெறாது. நெடுந்தீவுக்கும் தொண்டிக்கும் கொடுத்த கிறிஸ்தவர், தம் வேலிக்கு அப்பாலிருந்த நளவருக்கும் பள்ளருக்கும் எதனைக் கொடுத்தனர்? இலங்கையில் அடிமை முறை 1844இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் குடிமை உறவு நீடித்தது. மிஷன் பள்ளிகளின் தொடக்க காலத்திற் சாதி வேறுபாட்டுக்கு இடங்கொடுத்தே உணவு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. திருச்சபைத் தலைமையும் உத்தியோகமும் பெரும்பாலும் வேளாளர் கையிலேயே இருந்தன. கூலிக்கு உழைத்தவரின் குறைந்த ஊதியத்தால் மிஞ்சிய செல்வத்தின் ஒரு பகுதியே ஆலயத்திற் காணிக்கையாக விழுந்தது. கிணற்றில் நீரள்ளும் உரிமை ஒரு சல்லிக்காசும் செலவில்லாத கொடை. அதனைக் கொடுப்பதே எல்லாவற்றினுங் கடினமாக இருந்தது.

இதனை உணர்ந்தோர் கிறிஸ்தவ நிறுவனங்களுக்குள்ளேயே தோன்றினர் என்பதையுங் குறிப்பிடல் வேண்டும். 1924இல் ஹண்டி பேரின்பநாயகமும் அவரையொத்த இளைஞரும் யாழ்ப்பாணக் கல்லூரிச் சூழலிலிருந்து எழுந்து நிறுவிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்தது. மதபேதமின்றி இயங்கிய இவ்வியக்கம் சாதியொழிப்பையும் சமபந்தியையும் தன் வேலைத்திட்டத்திற் சேர்த்தது. 1930ஆம் ஆண்டையொட்டி, உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பையும், பள்ளிகள் எரியுண்டதையும் நோக்குகையில், இவ்விளைஞர் எதனை எதிர்த்து நின்றனர் என்பது விளங்கும். ஒரு வாங்கில் அருகருகே இருத்தல் என்னும் இக்கொடைக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடமில்லை. ஆனால் வாங்கில் இடங்கொடுத்தவன் தன் சாதிப் பெருமையை இழந்தான். உறவினரின் பகையை ஏற்றான். தியாகத்தோடு கூடிய ஈகை என்பதற்கு யாழ்ப்பாணச் சமுதாயத்தில் வேறெந்தப் பொருளினும் இதுவே ஏற்றது என நாம் கருதுகின்றோம்.

7. பிற்கால நிலை

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணம் அதன் ஓர் ஆதீனமாயிற்று. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயர். ஆளும் உரிமை இப்பொழுதுதான் முழுமையாகக் கைக்கு வந்தது. 1960-61ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. பிடியரிசியாலும் தசமபாகத்தாலும் வளர்ந்த கிராமப் பள்ளிகள் பல அரசுடைமையாயின. திருச்சபையினர் பலர் இதனைப் பறிமுதலெனக் கண்டனர். முற்போக்காளரோ கல்வியை மதக்குழுக்களின் பிடியிலிருந்து விடுவிக்கும் செயலென வரவேற்றனர். இரு சாராரின் நியாயங்களையும் ஏற்றுக்கொண்டு நாம் ஒன்று கூறலாம்: அப்பள்ளிகள் இன்று எல்லாச் சாதியினருக்கும் எல்லா மதத்தினருக்கும் உரியவை. கொடுத்த பெண்கள் எண்ணியிராத அளவுக்கு அவர்களின் பிடியரிசி பொதுச்சொத்தாகிவிட்டது.

போர்க்காலம் ஈகையை மீண்டும் தடைக்காலத்து நிலைக்குக் கொண்டு சென்றது. ஆலயங்கள் அகதி முகாம்களாயின. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி, இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த நவாலிப் புனித பேதுருவானவர் ஆலயத்தின் மீதும் அதன் சூழலிலும் விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோருள் ஓடிவந்தோரும் இருந்தனர். அவர்களுக்கு நீரும் உணவுங் கொடுக்க நின்றோரும் இருந்தனர். யோசேப்பு வாஸ் அடிகளாரை மறைத்து வைத்த ஊரவர் ஏற்ற அதே ஆபத்தை, முந்நூறு ஆண்டுகளின் பின் இவர்களும் ஏற்றனர்.

போரின் பின், யாழ்ப்பாணம் மறுபடியும் கடல் கடந்து வரும் கொடையின் நாடாகியுள்ளது. ஆனால் இம்முறை கொடுப்போர் புலம்பெயர்ந்த நம்மவரே. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இரவுவேலை செய்து மிச்சம் பிடித்த பணத்தாற் பள்ளிக் கட்டடங்களும் ஆலயங்களும் கோயில் மண்டபங்களும் எழுந்துள்ளன. அப்பணத்திலும் தியாகம் உண்டு. அதனை நாம் மதிக்கின்றோம். ஆயினும் சுவர்களில் பதிக்கப்பட்ட பெயர்ப்பலகைகளையும், மின்குமிழ்களின் மீதும் எழுதப்பட்டுள்ள உபயகாரர் பெயர்களையும் காணும்போது, ஆர்னல்ட் என்றும் நெவின்ஸ் என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிட்ட பழைய வழக்கம் நினைவுக்கு வராமலில்லை. கொடையோடு கட்டளையும் வருகின்றதா, எந்த ஊருக்கு எந்தக் கட்டடம் தேவையென்பதை அவ்வூரவர் தீர்மானிக்கின்றனரா, தொலைவிலுள்ளோர் தீர்மானிக்கின்றனரா, கொடையின் பயன் ஊரின் கடைக்கோடியிற் குடியிருப்போருக்கும் எட்டுகின்றதா என்பன 1837இற் போலவே இன்றும் கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.

இதுவரை நோக்கியவற்றால் இரண்டு முடிவுகளை நாம் முன்வைக்கலாம். முதலாவது, யாழ்ப்பாணக் கிறிஸ்தவத்தின் வரலாறு பெறுவோரின் வரலாறு மட்டுமன்று. அது கொடுப்போரின் வரலாறுமாகும். அக்கொடுப்போருட் பெரும்பான்மையோர் பெண்கள், ஏழைகள், பெயரறியாதோர். இரண்டாவது, ஈகையின் மெய்ம்மையை அளக்கும் கோல் கொடுத்த தொகையில் இல்லை, கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே அது ஏற்படுத்திய உறவில் உள்ளது. சில்லாலையில் வாஸ் அடிகளாருக்கு வார்த்த கஞ்சியும், அடுக்களையில் எடுத்து வைத்த பிடியரிசியும், பள்ளி வாங்கில் விட்ட இடமும் இக்கோலால் அளக்கப்படும்போது ஒரே வரிசையில் நிற்கின்றன. நம் ஊர்களின் ஆலயப் பதிவேடுகளையும், மாதர் சங்கக் குறிப்பேடுகளையும், வயது முதிர்ந்த பெண்களின் நினைவுகளையும் திரட்டி இவ்வரலாற்றை முழுமையாக்கும் பணி நம் இளம் ஆய்வாளரைச் சார்ந்தது. பதிவேடுகளிற் பல போரில் அழிந்தன. நினைவுகளும் நெடுநாள் நில்லா.